வீட்டுக் காலண்டர் யார் கையில்?



'பிஸியான குடும்பம்' என்றதும் நம் மனக்கண்ணில் என்ன வருகிறது? அப்பாவும் அம்மாவும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பிள்ளைகள் கராத்தே கிளாசுக்கும் கீபோர்டு கிளாசுக்கும் காரில் போய் இறங்கும் குடும்பம்! அப்படியானால் நம் வீடுகள் என்ன சும்மாவா இருக்கின்றன?

திருப்பூர் பக்கத்தில் எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் ஃபுல் நைட். அம்மா பனியன் கம்பெனி டைலர். அவசர ஷிப்மென்ட் என்றால் ஒன்றரை ஷிப்ட். தம்பிக்குப் பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ், எனக்குப் பிராக்டிக்கல், அப்பத்தாவுக்கு மாதா மாதம் சுகர் மாத்திரை, மகளிர் குழுத் தவணை... இதற்கு நடுவில் மூன்று நாளைக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்கும் குடிதண்ணீர்! இத்தனையும் எங்கே பதிவாகி இருந்தது என்றால், அம்மாவின் தலைக்குள்தான். மில்லிலிருந்து அப்பா போன் பண்ணினாலும், பஸ்சில் இருந்து நான் பண்ணினாலும் மெஷினை நிறுத்திவிட்டுப் பதில் சொல்ல வேண்டியது அம்மா. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு நிறுத்துகிற ஒவ்வொரு நிமிஷமும் காசு.

சமையல்கட்டில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறதே என்பீர்கள். அருமையான சாதனம்தான், பால் கணக்கு முழுக்க அதில்தான். ஆனால் சுவர் நம்மோடு பஸ் ஏறி வராதே! அதனால்தான் ஆன்லைன் காலண்டர் என்ற பேச்சே வருகிறது.

நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பது. திங்கட்கிழமை போட்ட தவணைத் தேதி, வியாழக்கிழமைக்குள் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். 'பின்' பண்ணி வைத்தாலும் அதிகபட்சம் 30 நாள்தான். வாட்ஸ்அப் பேசுவதற்கு, தேதிகளைக் காப்பதற்கு அல்ல. அமெரிக்கக் குடும்பங்களுக்காகவே வந்த 'கோசி' என்ற ஆப் இருக்கிறது. 2024-ல் அதன் இலவசக் கணக்குக்கு அடுத்த 30 நாள் காலண்டர் மட்டும்தான் என்று ஆக்கிவிட்டார்கள், அதற்கு மேல் பார்க்கப் பணம். 'சன்ரைஸ்' காலண்டரை மைக்ரோசாஃப்ட் 2015-ல் வாங்கி 2016-ல் மூடியது. அதே 2015-ல் வாங்கிய 'வுண்டர்லிஸ்ட்' 2020-ல் மூடப்பட்டது. ஆகவே எதைத் தேர்ந்தெடுத்தாலும், உள்ளே போட்டதை ஐ.சி.எஸ். கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். அது பொதுவான வடிவம், வேறு காலண்டரிலும் ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு வகை ஆப், குடும்பத்தை ஒருங்கிணைக்கிறேன் என்று வந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று மேப்பில் காட்டும். மாணவிகள் சார்பாகச் சொல்கிறேன்: எனக்கு எப்போது பரீட்சை என்று வீட்டுக்குத் தெரியட்டும், தெரிய வேண்டும். பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்று பேசியது எதற்கு? காலண்டர் வேறு, காவல் வேறு!

எங்கள் வீட்டுக்கு கூகுள் காலண்டர் பொருந்தியது. 'ஃபேமிலி குரூப்' ஆரம்பித்தால் ஆறு பேர் வரை சேரலாம், அவர்களுக்கென்று ஒரு பொதுக் காலண்டர் தானாகவே வந்துவிடும். அப்பாவின் ஷிப்டுக்கு மூன்றே பதிவு. ஒவ்வொன்றையும் 'மூன்று வாரத்துக்கு ஒருமுறை' என்று திரும்பி வரச் செய்தால் வருஷம் முழுக்கத் தானாக உட்கார்ந்துகொள்ளும். ஒரு விஷயம் கவனம்: நான் என் போனில் வைக்கும் நினைவூட்டல் அப்பா போனில் அடிக்காது! அவரவர் போனில் தனியாக வைத்துத் தர வேண்டும். 'ஆப் சரியில்லை' என்று பல வீடுகளில் கைவிடுவது இந்த ஒரு காரணத்தால்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வசதிகளைப் பற்றி மட்டுமல்ல. நம்மைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள்தான் வீட்டின் குமாஸ்தா. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பேங்க் பாரம், கேஸ் புக்கிங் எல்லாம் நம் தலையில். காலண்டரும் அப்படியே நம்மிடம் வரும். பெருமையாகக்கூட இருக்கும். "எனக்கெதுக்கு கண்ணு அதெல்லாம், நீயே பார்த்துச் சொல்லு" என்று அம்மா சொல்வார். அங்கே விட்டுவிடக் கூடாது நண்பர்களே! எழுதுகிறவர் கண்ணில் படுவது மட்டும்தான் காலண்டரில் ஏறும். நான் மட்டும் எழுதினால் என் பரீட்சைக் கட்டணத் தேதி இருக்கும், தம்பியின் ரிவிஷன் டெஸ்ட் இருக்கும். அம்மாவுடையது எங்கே இருக்கும்?

கீபோர்டில் உள்ள மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினால் தமிழிலேயே எழுத்தாகிவிடும் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கற்றுக்கொடுத்தேன். முதலில் குழுக் கூட்டம் போட்டார். இரண்டாவதாக "கண் ஆஸ்பத்திரி" என்று ஒரு பதிவு! விசாரித்தால், மூன்று மாதமாக ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லையாம். பக்கத்து மெஷின் அக்கா கோர்த்துக் கொடுக்கிறாராம். எங்கள் நாலு பேருக்கும் தெரியாது. "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தேதியில் அப்பாவுக்கு அரை நைட், காலையில் சும்மாதான் இருப்பார் என்று அதே காலண்டரில் தெரிந்தது. அப்பாவே கூட்டிக்கொண்டு போனார்.

அதனால் என் கருத்து இதுதான். எந்த ஆப்பில் கலர் அதிகம், எதில் வசதி அதிகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டில் போன் அதிகம் பழகாதவர் கையில் கொடுத்து, அவர் தானாக ஒரு தேதி போட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையா? அது உங்கள் வீட்டுக்கான ஆப் அல்ல. எங்கள் அப்பத்தா வைத்திருப்பது பட்டன் போன். கூகுள் காலண்டர் ஒரு காலத்தில் எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கொண்டிருந்தது, 2019 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். அவருக்குச் சுவரும் அலாரமும்தான்.

குரூப்பையும் உங்கள் பெயரில் தொடங்க வேண்டாம். கல்லூரி தந்த மெயில் ஐ.டி.யில் தொடங்கவே முடியாது. அப்ரண்டிஸ் என்று ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நாம் போன பிறகும் வீட்டில் தண்ணீர் வரும், தவணை வரும். எங்கள் வீட்டில் அம்மாவின் கணக்குதான் மேனேஜர். பாஸ்வேர்டு, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

– மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை