கயிறு கட்டிக்கொண்டால் கோழையா?

கீழே 2,900 அடிப் பள்ளம். மேலே வானம். நடுவே இரண்டு விரல் அகலத்தில் ஒரு நாடா. அதன்மேல் ஒரு மனிதன் நடக்கிறான்!

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், யோசெமிட்டி என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே மலையை விட்டு விலகி ஊசிபோல ஒரு பாறை தனித்து நிற்கிறது. "தொலைந்த அம்பு" என்று அதற்குப் பெயர். மலைக்கும் பாறைக்கும் இடையே சுமார் 55 அடி. 1985-ம் ஆண்டில் ஸ்காட் பால்காம் என்பவர் அங்கே நாடா கட்டி நடந்து கடந்தார்.

சர்க்கஸ் கம்பி விறைப்பாக இருக்கும். நடப்பவர் கையில் நீண்ட கழியும் இருக்கும். இதுவோ தொய்வான நாடா. கால் வைத்தால் அமுங்கும். ஊஞ்சல்போல் பக்கவாட்டில் ஆடும். கழி கிடையாது, இரண்டு கைகளே துணை. கால் நடுங்கினால் நாடாவும் நடுங்கும்.

நடப்பவர்களில் பெரும்பாலோர் இடுப்பில் வார் அணிந்து, அதிலிருந்து ஒரு கயிற்றை நாடாவில் ஓடும் வளையத்தோடு இணைத்துக்கொள்கிறார்கள். தவறினால் சில அடி விழுந்து தொங்குவார்கள். மறுபடி ஏறி நடக்கலாம்.

"சாகமாட்டோம் என்று தெரிந்தபின் இதில் என்ன வீரம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கயிறு தாங்கும் என்பது அறிவுக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியாதே! தரையில் நிற்கும்போது பக்கத்து மரத்தையும் சுவரையும் கண் பற்றிக்கொள்கிறது. உடல் சற்றுச் சாய்ந்தாலும் உடனே தெரிந்துவிடும். அந்தரத்தில் கண்ணுக்கு அருகே எதுவுமில்லை. இரண்டடி உயரத்தில் அதே நாடாமீது விளையாட்டாக நடந்தவனுக்கு, அங்கே எழுந்து நிற்கவே கால் வராது. அந்தப் பயத்தோடுதான் முதல் அடியை வைக்கிறான். அக்கரை சேர்ந்ததும் பொங்கும் ஆனந்தமும் அதிலிருந்தே பிறக்கிறது.

2022-ல் பிரான்சு நாட்டில் நேத்தன் பவுலின், சுமார் 100 மீட்டர் உயரத்தில், 2,200 மீட்டர் நீள நாடாவில் நடந்தார். இடுப்பில் கயிறு இருந்தது. அதனால் அவர் நடந்த தூரம் குறைந்துவிட்டதா?

கயிறில்லாமலும் சிலர் நடக்கிறார்கள். கைதட்டல் அவர்களுக்கே அதிகம். இது நியாயமல்ல. கார்ல் வாலெண்டாவின் குடும்பத்துக்கு, வலையில்லாமல் கம்பிமேல் நடப்பதுதான் பெருமை. 1978-ல் போர்ட்டோரிக்கோவில், காற்று பலமாக வீசியபோது, இரண்டு ஓட்டல் கட்டடங்களுக்கு நடுவே அவர் நடந்தார். அப்போது வயது 73. பாதி வழியில் விழுந்து மாண்டார். கம்பியை இழுத்து நிறுத்தும் துணைக்கயிறுகள் சரியாகக் கட்டப்படவில்லை என்று பிற்பாடு குடும்பத்தினர் கூறினார்கள். ஆயுள் முழுவதும் கற்ற வித்தை, யாரோ போட்ட முடிச்சுக்கு முன்னால் என்ன செய்யும்?

பார்க்கும் கூட்டத்துக்கு ஆபத்து இனிக்கத்தான் செய்கிறது. படம் போடும் பத்திரிகைகளாவது, இடுப்புக் கயிறும் தெரியும்படி படம் போடட்டும்!