காசு கேட்காத ஆட்டத்தைச் சூது என்பதா?

"ஏலே, அதுவும் ரம்மி மாதிரிதான். அதுல கைய வைக்காத." ஃபேண்டஸி ஃபுட்பால் ஆடப்போகிறேன் என்று தூத்துக்குடிப் பக்கம் ஒரு பையன் வீட்டில் சொன்னால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். சொல்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தைத் தொலைத்தவர்களும் உயிரையே விட்டவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. அதை ஆராயத்தான் 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது. 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலோடு ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான மாநிலச் சட்டம் வந்தது. பயம் நியாயமானது. ஆனால் அது தவறான ஆட்டத்தின் மேல் விழுகிறது.

நான் பேசுவது இங்கிலாந்து பிரீமியர் லீக்கே நடத்தும் ஃபேண்டஸி பிரீமியர் லீக் (எஃப்.பி.எல்.) பற்றி. உங்கள் கையில் 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணம் இருக்கும். அதை வைத்து 15 பேரை எடுக்க வேண்டும்: கோலி இருவர், பேக் ஐவர், மிட்ஃபீல்டர் ஐவர், ஃபார்வர்ட் மூவர். ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதெல்லாம் உங்கள் கணக்கில் புள்ளியாக ஏறும். சேர ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை.

பணத்தைப் பணயம் வைப்பது எப்படி இருக்கும் என்று முத்துக்குளித்த கடற்கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1961 வரை இங்கே அரசு முத்துக்குளிப்பு நடந்தது. கரைக்கு வந்த சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று தெரியுமுன்னே வியாபாரி பணத்தை எண்ணி வைத்தாக வேண்டும். கட்டணம் கட்டி ஆடும் ஃபேண்டஸி போட்டி அந்த ஏலத்தைப் போன்றது. எஃப்.பி.எல்.லில் தோற்றால் தரவரிசையில் கீழே போவீர்கள், அவ்வளவுதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்கவில்லை. பணம் கட்டி ஆடுகிறார்களா என்றே பார்த்தது. ஃபேண்டஸி செயலியான ட்ரீம்11 தன் பணப் போட்டிகளை நிறுத்தியது அதனால்தான். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கூட்டாளிகள் தனி லீக் போட்டுவிட்டு "ஆளுக்கு ஐந்நூறு" என்று வசூலித்தால், நான் வீட்டுப் பெரியவர்கள் பக்கம்தான் நிற்பேன்.

அடுத்து, எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம் என்பார்கள். ஒரு வாரத்துக்கு வேண்டுமானால் அப்படித் தோன்றலாம். ஒரு பருவத்துக்கு 38 வாரம். 2013-இல் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்தை வென்று உலகச் சதுரங்கப் பட்டத்தை எடுத்த மேக்னஸ் கார்ல்சன், 2019 டிசம்பரில் பல லட்சம் பேர் ஆடிய இதே எஃப்.பி.எல்.லில் முதலிடத்தில் இருந்தார். கணக்குப் போட்டுப் பொறுமையாக ஆடுகிறவருக்கு இங்கே பலன் உண்டு.

புதிதாக வருபவரை அதிகம் கெடுப்பது "பெரிய ஸ்டாரை வாங்கிப் போட்டால் போதும்" என்ற பேச்சுதான். 2025-26 தொடக்கத்தில் லிவர்பூல் ஸ்டார் சாலாவின் விலை 14.5 மில்லியன், இன்னொரு ஸ்டார் ஹாலண்டின் விலை 14. இருவரையும் எடுத்தால் மீதி 71.5; அதில் இன்னும் 13 பேரை வாங்க வேண்டும், தலைக்கு 5.5. அணியின் வயிறு ஒட்டிப்போகும். அதற்கு முந்தைய பருவத்தில் 344 புள்ளி எடுத்துச் சாதனை படைத்தவர் சாலா. அதை நம்பி வாங்கியவர்கள், 2025 இலையுதிர் காலத்தில் லிவர்பூல் தொடர்ந்து தோற்றபோது கையைப் பிசைந்தார்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 4.5 விலையில் ஒரு பேக். ஆட்டம் முழுக்க நின்றால் 2 புள்ளி. அவர் அணி கோல் வாங்காவிட்டால் 4. பந்தை வெளியேற்றுவது, இடைமறிப்பது, தடுப்பது, பிடுங்குவது எல்லாம் சேர்த்துப் பத்து முறை செய்தால் இன்னும் 2. மொத்தம் 8. ஒரு கோல் போட்டு முழு ஆட்டமும் ஆடிய ஃபார்வர்டுக்கு 2-உம் 4-உம் சேர்ந்து, போனஸை விட்டுவிட்டால், 6தான். கோல் போட்டவனைத் தோளில் தூக்கும் நம் மைதானங்களில் பேக் ஆடுகிறவனை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? இந்த ஆட்டம் திரும்பிப் பார்க்க வைக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

ராத்திரி முழுக்கக் கண் விழிக்க வேண்டும் என்பதும் சரியில்லை. பல சனிக்கிழமை ஆட்டங்கள் நமக்கு இரவு ஏழரைக்கு. இங்கிலாந்தில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றியபின் எட்டரைக்கு. அணியை முடிவுசெய்யும் கெடு, வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு. விடிகாலையில் விசைப்படகில் போய் இரவில் கரையேறுகிறவரும், துறைமுகத்தில் ஷிப்ட் பார்க்கிறவரும் முந்தின இரவே அணியைச் சரிசெய்துவிட்டுத் தூங்கலாம். ஆட வைத்தவர் களத்தில் இறங்காவிட்டால், உங்கள் 15 பேரில் பெஞ்சில் வைத்திருப்பவர் தானாக உள்ளே வருவார். நீங்கள் கேப்டனாக வைப்பவருக்கு இரட்டைப் புள்ளி; அவர் ஆடாவிட்டால் அது துணைக் கேப்டனுக்குப் போகும்.

ஆகஸ்டில் சேராவிட்டால் போச்சு என்பதும் இல்லை. எந்த வாரமும் சேரலாம். நண்பர்களின் தனி லீக்கை எந்த வாரத்திலிருந்து கணக்கெடுப்பது என்று அமைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. புதியவர் ஒன்றில் மட்டும் கவனமாக இருக்கட்டும். வாரம் ஒரு மாற்றம் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி பிடிப்பார்கள். ஒரு வாரம் சறுக்கியதும் பதறி மூன்று பேரை மாற்றுவதுதான் பெரிய இழப்பு. இலவச மாற்றத்தைச் சேர்த்தும் வைக்கலாம், ஐந்து வரை.

கடைசியாக, வெளிநாட்டு மோகம் நம் ஊர்ப் பந்தாட்டத்தை அழிக்கிறது என்ற குறை. குமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரை போனார். அவரைப் போல இன்னும் பலர் வராததற்குக் காரணம் மைதானமும் பயிற்சியாளரும் போதாமை. கைப்பேசியில் ஆடும் ஆட்டம் அல்ல. 1991-இல் ஆண்ட்ரூ வெயின்ஸ்டைன் இங்கிலாந்தில் ஃபேண்டஸி லீக்கைத் தொடங்கியபோது வீடுகளில் இணையமே கிடையாது. அப்படியென்றால் நம் ஊர்த் திருவிழாக் கோப்பைக்கும் இதை நடத்தலாம். ஒரு நாற்பது பக்க நோட்டில் கோலுக்கு இவ்வளவு, தடுத்ததற்கு இவ்வளவு என்று எழுதிவைத்து, பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேரைக் கோட்டோரம் உட்காரவைத்தால் கணக்கு வந்துவிடும்.