தனிச் சட்டி எதற்கு?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், கைக்குழந்தை உள்ள வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "பூசணி, சுரைக்காய், கீரை எதையும் புள்ளைக்குக் குடுத்துடாதே, சளி கட்டும். பருப்புத் தண்ணியில சோத்தைக் கரைச்சு ஊட்டு, போதும்." அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அந்த அக்கறை குழந்தையின் கிண்ணத்தைக் காலியாக்குகிறது. ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்குத் தனிச் சமையல் வேண்டியதில்லை; வீட்டாருக்கு வேகும் காய்க்கூட்டில் அதற்கும் பங்கு உண்டு.

"காய் குளிர்ச்சி, சளி பிடிக்கும்."
சளியைக் கொண்டுவருவது வைரஸ். இருமுகிறவரின் மூச்சிலும் மூக்கைத் துடைத்த கையிலும் அது இருக்கிறது, பூசணிக்காயில் இல்லை. மழைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஓர் அறையில் அடைந்திருக்கும்போது எளிதில் தொற்றுகிறது. குளிர் நாளில் வயிற்றுக்கு இதமாக ஏதாவது வேண்டும் என்பது நியாயம். அப்போதே சமைத்து, இளஞ்சூட்டில் ஊட்டும் கூட்டைவிட இதமானது எது?

"பருப்புத் தண்ணி போதும்."
ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் நாளுக்கு ஏறத்தாழ 200 கிலோ கலோரி தேவை. அதன் வயிறோ சிறியது. தெளிந்த நீரால் நிரப்பினால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. கரண்டியைச் சாய்த்தால் உணவு ஒழுகி ஓடக் கூடாது, மெல்ல நழுவ வேண்டும். பிறக்கும்போது சேர்ந்திருந்த இரும்புச்சத்தும் ஆறு மாதத்தில் குறைந்துவிடும். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கீரையும் பருப்பும் மட்டும் இதைத் தீர்த்துவிடாது. முட்டை, மீன், ஈரல் புழங்கும் வீடுகள் அவற்றையும் மசித்துக் கொடுக்கலாம். ஆனால் பருப்பைக் கீழே விட்டுத் தண்ணீரை மட்டும் ஊட்டுவதில் எந்தப் பயனும் இல்லை.

"நெய் செரிக்காது."
தாய்ப்பால் தரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. அதைச் செரிக்கிற வயிறு அரை ஸ்பூன் நெய்க்கு அஞ்சாது. கேரட்டிலும் பூசணியிலும் கீரையிலும் உள்ள கரோட்டின் உடம்பில் சேரவும் கொழுப்பு வேண்டும்.

"நம்ம சாப்பாட்டில் உப்பும் காரமும் இருக்கே."
இது நியாயமான கவலை. ஒரு வயதுக்குள் உப்பும் சர்க்கரையும் வேண்டாம். தேன் கூடவே கூடாது. அதற்காகத் தனிச் சட்டி எதற்கு? பாசிப்பருப்பு, மஞ்சள் பூசணித் துண்டுகள், ஒரு தக்காளி, சிட்டிகை மஞ்சள்தூள், சீரகம் சேர்த்துக் குழைய வேகவையுங்கள். ஆய்ந்த முருங்கைக்கீரையைப் போட்டுச் சில நிமிடம் கொதிக்கவிடுங்கள். உப்பு விழுமுன் பிள்ளைக்கு ஒரு கரண்டி எடுத்து, மசித்து, நெய் விடுங்கள். மிச்சத்தில் உப்பு, தேங்காயும் பச்சை மிளகாயும் அரைத்த விழுது, கடுகு தாளிப்பு. அடுப்பு ஒன்று, சட்டி ஒன்று, வேலையும் ஒன்றுதான்.

"மைய அரைக்காவிட்டால் விக்கும்."
பச்சைக் கேரட்டும் முழு வேர்க்கடலையும் ஆபத்து, உண்மை. விரலால் அழுத்தினால் நசுங்கும் அளவு வெந்த பூசணி அப்படியல்ல. எட்டு மாதவாக்கில் பெரும்பாலான குழந்தைகள் மெத்தென்ற துண்டைத் தாமே எடுத்துத் தின்னும். பத்து மாதம் கடந்தும் கூழாகவே கொடுத்தால் பின்னால் மென்று தின்னச் சிணுங்கும்.

என் மகள் ஒன்பது மாதத்தில் ஊட்டும் கரண்டியைத் தட்டிவிட்டு, என் தட்டிலேயே குறியாக இருந்தாள். அவள் பங்குப் பூசணித் துண்டு ஒன்றை முன்னால் வைத்தேன். ஐந்து விரலாலும் பிசைந்து, பாதியைக் கன்னத்தில் அப்பி, மீதியை வாய்க்குள் கொண்டுபோனாள். எங்களோடு சேர்ந்து சாப்பிடத்தான் அத்தனை நாளும் அடம்பிடித்திருக்கிறாள்.

நாளைக்குக் கூட்டு கொதிக்கும்போது, உப்பு டப்பாவைத் திறக்குமுன் ஒரு கரண்டி எடுத்துவையுங்கள். பிள்ளையையும் உங்களோடு பந்தியில் உட்கார வையுங்கள்.