நானே மேக்கர், நானே செக்கர்

எங்கள் ஆபீசில் நான் இரண்டு ஆள். கம்ப்யூட்டரில் கணக்கை ஏற்றுகிறவர் மேக்கர். ஏற்றியதைப் பார்த்து ஒப்புதல் தருகிறவர் செக்கர். ஒருத்தர் அசந்தால் இன்னொருத்தர் பிடித்துவிடுவார் என்று, பணம் புழங்கும் இடங்களில் வைத்திருக்கும் ஏற்பாடு. போடிநாயக்கனூரில் ஒரு நகைக்கடன் கம்பெனியின் மாடியில் போன ஆடியிலிருந்து இரண்டு பேரும் நான்தான். செக்கராக இருந்தவருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். "ஆள் வர்ற வரைக்கும் நீங்களே பாத்துக்கங்க" என்று மேனேஜர் தன் பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். பிறகு மேனேஜரும் மாற்றலாகிப் போனார். சீட்டு மட்டும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அவருடைய ஐடியை முடக்கச் சொல்லித் தலைமையகத்துக்கு எழுத வேண்டியவர் மேனேஜர். அந்த நாற்காலிதான் காலி.

ஆள் எப்போது வரும் என்று டீக்கடையில் புலம்பினேன். "நம்ம ஊருக்கு ரயிலே 2010 கடைசியில நின்னு 2023 ஜூன்லதான் திரும்பி வந்துச்சு, பொறுங்க" என்றார் கடைக்காரர்.

என் அத்தை ஏலக்காய் கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவர். சல்லடையில் 8 மில்லி தனி, 7 மில்லி தனி, வெடித்த காய் தனி. அவரிடம் என் நிலைமையைச் சொன்னபோது சிரித்துவிட்டார். "எங்க முதலாளி எடை போடுறவன நோட்டுல எழுத விடமாட்டாருடா. எழுதுறவன் தராசத் தொடக் கூடாது. காய்க்கே இம்புட்டுக் காவல், நீங்க தங்கத்த வச்சுக்கிட்டு இப்படி இருக்கீங்களே." பதில் சொல்லத் தெரியவில்லை.

தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் கிளைகளின் தாள் எல்லாம் எங்கள் மாடிக்குத்தான் வரும். தங்கம் விலை ஏற ஏற, அடகில் இருக்கும் அதே சங்கிலியின் மேல் இன்னும் கொஞ்சம் கடன் கேட்டு வருவார்கள். பழைய கணக்கை மூடிப் புதியதைத் திறக்க வேண்டும். ஒரே சங்கிலிக்கு வருடத்தில் மூன்று பிறவி, மூன்றுக்கும் தாள். இந்த லட்சணத்தில் 2024 செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை வந்தது. வாடிக்கையாளர் எதிரில் இல்லாமல் நகையை மதிப்பிடுவது, ஏலத்தில் ஒளிவுமறைவு, கடன் வரம்பைச் சரியாகக் கண்காணிக்காதது என்று குறைகளை அடுக்கியிருந்தார்கள். அதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதற்குத் தலைமையகம் செய்த காரியம், பழைய கடன் அத்தனைக்கும் ஒரு எக்செல் தாளை அனுப்பியதுதான். "எடை போடும்போது வாடிக்கையாளர் எதிரில் இருந்தாரா?" இரண்டு வருடத்துக்கு முன் கம்பத்தில் யார் எதிரில் யார் இருந்தார் என்று போடி மாடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படித் தெரியும்? "தெரியாது" என்று நிரப்பினேன். அந்தக் கட்டத்தில் ஆம், இல்லை தவிர வேறெதையும் கம்ப்யூட்டர் ஏற்காது என்று திரும்பி வந்தது.

எல்லாவற்றையும்விட எரிச்சல், ஜூன் மாத விளக்கக் கடிதம். மீட்பு ஏன் குறைந்தது, அடகு ஏன் கூடியது என்று வருடா வருடம் கேட்பார்கள். இந்த ஊரில் பணம் தேதி பார்த்து வராது. மழை பெய்ய வேண்டும், காய் பிடிக்க வேண்டும், பறித்து ஸ்டோரில் உலர்த்த வேண்டும், இங்கேயோ மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலோ நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலத்தில் விலை விழ வேண்டும், அந்தப் பணம் கைக்கு வர வேண்டும். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், இரண்டு மூன்று வருடத்தில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. உரத்துக்கும் கூலிக்கும் ஆனியில் தாலிக்கொடி உள்ளே வரும், காய் விற்றால் வெளியே போகும். "மழைக்காலம்" என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பினேன். ஊழியர்களுக்குக் குடை வாங்கிக்கொள்ள அனுமதி வந்தது.

போன வாரம் ஒரு அக்கா மாடிப்படி ஏறி வந்தார். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறவர். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் தோட்டை மீட்க வந்திருந்தார். பணத்தைக் கீழே கட்டிவிட்டார். "மாடியிலதான் நிக்குதாம்னு சொல்றாங்களே தம்பி, குடுத்து விட்ரு" என்றார். என் திரையில் சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது. கடனை முழுக்கக் கட்டியவருக்கு அதிகபட்சம் ஏழு வேலை நாளில் நகையைத் தர வேண்டும், தாமதித்தால் கம்பெனி நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி விதி எழுதியிருக்கிறது. நல்ல விதி. அக்காவுக்குக் கிடைத்தது மூன்றாம் நாள், அதாவது விதிப்படி சீக்கிரம். இரண்டு நாள் கூலி போனதை நான் எந்தக் கட்டத்தில் நிரப்புவது? "நீயும் என்னப்பா செய்வ" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனதுதான் இன்னும் உறுத்துகிறது. திட்டியிருக்கலாம்.

கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று சொல்லிவிட்டது. நின்றபடி வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் அதில் திருத்தம் வந்தது. எனக்கு எழுந்திருக்க ஒரு திருத்தம் வந்தால் தேவலை.

நேற்று இரவு ஒன்பதே முக்காலுக்கு நாள் கணக்கை மூடி, ஷட்டரை இழுக்கும்போது போன் கூவியது. தணிக்கைப் பிரிவின் மெயில். குறிப்பிட்ட 46 கணக்குகளில் மேக்கர் பதிவுக்கும் செக்கர் ஒப்புதலுக்கும் இடையே ஒன்பது வினாடிதான் இருக்கிறதாம். செக்கர் தாளைப் படித்துத்தான் ஒப்புதல் கொடுத்தாரா என்று இருவரும் தனித்தனியே விளக்கம் தர வேண்டுமாம். மறுபடி மாடி ஏறினேன். என் ஐடியில் ஒரு விளக்கம் அடித்தேன். டிராயரைத் திறந்து சீட்டை எடுத்து, மேனேஜர் ஐடியில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிஷம் கழியட்டும் என்று கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.