எஸ்பிஎம் இல்லாதவருக்கும் பல்கலைக்கழக வழி உண்டு. துணைக்கு வருவது யார்?

எஸ்பிஎம் முடிவு சரியில்லை என்றால் "இனி வேலைக்குப் போக வேண்டியதுதான்" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவது நம் சமுதாயத்தில் இன்றும் நடக்கிறது. அப்படி வேலைக்குப் போனவர்கள் இன்று லாரி ஓட்டுநர்களாக, தொழிற்சாலை மேற்பார்வையாளர்களாக, பாலர் பள்ளி உதவியாளர்களாக இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அந்த வேலை அனுபவத்தைக் கொண்டே பல்கலைக்கழகத்தில் சேர முடியும்.

இதற்கு 'ஏப்பல்' என்று பெயர். முன் அனுபவத்தால் பெற்ற கற்றலை அங்கீகரிக்கும் முறை இது. மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏ இதற்கான விதிகளை வகுத்துள்ளது. சான்றிதழ் படிப்புக்கு 19 வயதும், டிப்ளோமாவுக்கு 20 வயதும், இளங்கலைப் பட்டத்துக்கு 21 வயதும் கடந்திருக்க வேண்டும். படிக்க விரும்பும் துறைக்குத் தொடர்புடைய அனுபவமும் தேவை. விண்ணப்பிப்பவர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். தம் அனுபவத்தைக் காட்டும் ஆவணத் தொகுப்பையும் ஒப்படைக்க வேண்டும்.

வேலையை விடாமல் படிக்கவும் இடமிருக்கிறது. 2000ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2006இல் பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அதற்காகவே தொடங்கப்பட்டன. பாடநூல், பதிவு செய்த விரிவுரை, கலந்துரையாடல், ஒப்படைப்பு எனப் பெரும்பாலானவை இயங்கலையிலேயே நடக்கின்றன. இரவு வேலை முடிந்து வருபவர் காலையில் பாடம் கேட்கலாம்.

சிக்கலும் இங்குதான் தொடங்குகிறது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லாப் பல்கலைக்கழகங்களும் இணையத்துக்கு மாறின. அந்த ஆண்டில், அலைவரிசை தேடி மரத்தின் மேல் ஏறி அமர்ந்து தேர்வு எழுதிய சபா மாணவியை நாடே பார்த்தது. அதன் பிறகு இணைய வசதி பல இடங்களில் மேம்பட்டுள்ளது. ஆனால், இணையம் இருப்பதும் இணையத்தில் படிக்க முடிவதும் ஒன்றல்ல. கைப்பேசியில் காணொளி பார்க்கலாம். பத்துப் பக்க ஒப்படைப்பைக் கைப்பேசியில் தட்டச்சு செய்து, மேற்கோள் காட்டி, வடிவமைத்து அனுப்புவது வேறு வேலை. அதற்கு மடிக்கணினி வேண்டும். அமைதியான இடம் வேண்டும். சொல்லித்தர ஓர் ஆளும் வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப்பள்ளியில் படித்து, மூன்றாம் படிவத்தோடு நின்றவருக்கு ஆங்கிலப் பாடநூலும் மலாய்க் கட்டுரையும் இன்னொரு சுவர்.

ஆவணத் தொகுப்பும் எளிதன்று. தோட்டத்திலும் குத்தகை வேலையிலும் இருந்தவர்களிடம் நியமனக் கடிதம் இருப்பது அரிது. சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை, பயிற்சிச் சான்றிதழ், முதலாளியின் கடிதம் ஆகியவற்றை இன்றே சேர்த்து வைப்பது நல்லது. வேலை மாறும்போது ஒரு கடிதம் கேட்டு வாங்கினால், பத்து ஆண்டுகள் கழித்தும் உதவும்.

எச்சரிக்கையும் தேவை. ஏப்பல் நுழைவுச் சான்றிதழ், படிப்பில் சேர மட்டுமே உதவும். அது எஸ்பிஎம்முக்கு ஈடான கல்விச் சான்றிதழ் அல்ல. சட்டம், மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் அந்தந்தத் தொழில்முறை வாரியங்களின் விதியும் உண்டு. "தேர்வே வேண்டாம், பணம் கட்டினால் பட்டம்" என்று எவரேனும் சொன்னால் விலகிவிடுங்கள். படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்பதை எம்கியூஏவின் அகப்பக்கப் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். கட்டணத்துக்கு ஊழியர் சேமநிதியின் கல்விக்கான மீட்பு வசதியைப் பற்றியும் கேட்டறியலாம்.

தொழில்நுட்பம் வகுப்பறையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் பக்கத்து இருக்கைத் தோழனை அது கொண்டுவரவில்லை. தனியாகப் படிப்பவர் முதல் ஒப்படைப்பிலேயே சோர்ந்துவிடக் கூடும். நம் ஆலய மண்டபங்களும் இயக்கங்களின் அலுவலகங்களும் வார நாள் இரவுகளில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. நான்கு கணினி, இணைய வசதி, வாரம் இரண்டு இரவு வழிகாட்ட ஒரு பட்டதாரி இருந்தால் போதும். நம்மிடையே பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை. பரிசளிப்பு விழாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குவது பற்றி அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகத்தினர் பேச வேண்டும். உறுப்பினர்களும் அதைக் கேட்க வேண்டும்.