ஃபிங்கர்ஸ் கிராஸ்டு

ரிசல்ட் வருவதற்கு முந்தின நாள் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் போடுவது ஒரே வார்த்தைதான்: "ஃபிங்கர்ஸ் கிராஸ்டு". ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பின்னி வைத்துக்கொண்டு, நினைத்தது நடக்கட்டும் என்று காத்திருப்பது. சிலுவையின் அடையாளம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பொய் சொல்லும்போது முதுகுக்குப் பின்னால் இதே விரலைப் பின்னிக்கொண்டால் அது பொய்யில் சேராது என்று அங்கே பிள்ளைகள் நம்புவதும் உண்டு. நல்ல வசதி :-)

இதை அப்படியே தமிழாக்கிச் சொன்னால் சுந்தரபாண்டியத்தில் விரலில் சுளுக்கா என்று கேட்பார்கள். அதற்காகத் தமிழில் இந்த விஷயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் நாலாம் திருமொழி முழுக்கக் கூடல் இழைப்பதுதான். கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் போட வேண்டும். இரண்டு முனையும் சேர்ந்துவிட்டால் நினைத்தவன் வருவான். விரலைப் பின்னுவதில் பயமே கிடையாது, அது யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கூடல் "இல்லை" என்றும் சொல்லிவிடும். அதனால்தான் ஆண்டாள் பாட்டுக்குப் பாட்டு கூடலையே கெஞ்சுகிறாள். எனக்கு அந்தத் தைரியம் பிடித்திருக்கிறது.

இன்னும் பழசு, முல்லைப்பாட்டில் வரும் விரிச்சி. போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கும்பிட்டு, யார் வாயிலிருந்தாவது நல்ல சொல் வருகிறதா என்று நிற்கிறார்கள். ஓர் இடைப்பெண், தவிக்கும் கன்றிடம் உன் தாய் இப்போது வந்துவிடும் என்கிறாள். அவ்வளவுதான், அதையே நற்சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். அவள் இவர்களுக்காகச் சொல்லவே இல்லை!

வீட்டில் "உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்பதும், கிளம்பும்போது அபசகுனமாகப் பேசாதே என்று அதட்டுவதும் இந்த வழியில் வந்ததுதான் என்று நினைக்கிறேன். நம் ஊரில் நம்பிக்கை அடுத்தவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

அரியர் ரிசல்ட்டுக்கும் கிரிக்கெட்டுக்கும் ஃபிங்கர்ஸ் கிராஸ்டு போதும், தாராளமாகப் போடுங்கள். ஆனால் "அப்பாவுக்கு நாளைக்கு ஆபரேஷன்" என்று ஒருவன் எழுதும்போது, அதன் கீழே பின்னிய விரல் பொம்மைகள் வரிசையாக வந்து விழுவது எனக்கு உறுத்துகிறது. எங்களுக்கும் ஒன்றும் தெரியாது, பார்ப்போம் என்கிற மாதிரி இருக்கிறது. அவன் காத்திருப்பது ஒரு சொல்லுக்கு. "நல்லபடியா முடியும்டா, சாயங்காலம் வர்றேன்" என்று அடிக்கப் பத்து விநாடிகூட ஆகாது.