மாமரத்துக்கு மொட்டையா?



மாரி நெருங்கும் காலத்தில் நம் தெருக்களில் ஒரு குரல் கேட்கும். “மரம் வெட்ட இருக்கா உம்மா?” தோளில் கயிறும் கையில் கத்தியுமாக ஒருவர் படலையடியில் நிற்பார். வீட்டு ஆண்கள் வேலைக்கோ கடைக்கோ போயிருப்பார்கள். அந்த நேரத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். “காத்துக் காலம் வருகுது, மேலே உள்ளதெல்லாத்தையும் வெட்டி இறக்கிவிடுங்க” என்று சொல்லிவிட்டு நாம் குசினிக்குள் போய்விடுகிறோம். அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேசப் போகிறேன்.

என் மச்சி வீட்டுக் குசினியை ஒட்டி ஒரு மாமரம் நின்றது. அவருடைய மாமி நட்டு வளர்த்த மரம். ஐந்து வருடங்களுக்கு முன்பு மாரிக்குப் பயந்து ஒருவரைக் கூப்பிட்டு, கூரைக்குச் சற்று மேலே வைத்து அந்த மரத்தை மொட்டையடித்தார். “இனிப் பயமில்லாமல் தூங்கலாம் மச்சி” என்று அன்று சொன்னவள் நான்தான். முதல் வருடமே வெட்டு வாயெங்கும் தளிர்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பின. மரம் பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்தோம். இரண்டு வருடம் காயே இல்லை. ஐந்தாவது மாரியில் ஒரு நாள், அஸருக்குப் பின் வீசிய காற்றில், அந்தப் புதுக் கொப்புகள் இரண்டு அடியோடு பிய்ந்து குசினிக் கூரையில் விழுந்தன. சீட் நொறுங்கி அடுப்பின் மேல் கொட்டியது. மச்சியின் மகள் கேத்தலை இறக்கி எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பினாள்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். விழுந்த கொப்பு என் தொடை அளவு பருமன். ஆனால் அது மரத்தோடு ஒட்டியிருந்த இடமோ உள்ளங்கை அளவுதான். பழைய வெட்டு வாய் கறுத்து, விரலால் குத்தினால் உதிரும் அளவுக்கு உக்கிப் போயிருந்தது. காற்றுக்குப் பயந்து நாங்கள் செய்த வேலைதான் காற்றுக்கு வழி திறந்துவிட்டிருந்தது.

இது ஏன் நடக்கிறது? மரத்துக்கு உணவு சமைப்பவை இலைகள். இலைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பறிகொடுத்த மரம், பட்டைக்கடியில் உறங்கிக் கிடக்கும் அரும்புகளை ஒன்றாக எழுப்பிவிடுகிறது. அவை வேகமாக நீண்டு வளரும். இயற்கையாக வந்த கொப்பு சிறுவயது முதலே வருடா வருடம் தாய்மரத்தோடு பின்னிப் பின்னி வளர்ந்தது. மொட்டையில் முளைத்த கொப்போ மேல்தோலில் ஒட்டிக்கொண்டு நிற்பது. பாரம் ஏற ஏற அது பிய்ந்து விழும் அபாயமும் ஏறுகிறது. அது மட்டுமல்ல, நடுவில் வெட்டிய பெரிய கொப்பின் வாயை மூட மரத்தால் முடிவதில்லை. அந்த வழியாக மழைநீரும் பூஞ்சணமும் இறங்கி மரத்தை உள்ளிருந்து உக்கச் செய்கின்றன.

1978 நவம்பர் 23இல் மட்டக்களப்புப் பகுதியைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட நம் மூத்தவர்களுக்கு, வீட்டருகே மரம் என்றாலே நெஞ்சு பதறும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயத்துக்கு மருந்து மொட்டையடிப்பதல்ல.

நம்மை ஏமாற்றியது முருங்கை என்றுதான் நான் நினைக்கிறேன். முருங்கையை எப்படி வெட்டினாலும் அது தளிர்க்கும். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையும் அப்படித்தான். அவற்றின் புதுக் கொப்புகள் பெரிதாகும் முன்பே கறிக்கும் ஆட்டுக்கும் திரும்பத் திரும்ப வெட்டி எடுத்துவிடுகிறோம். அதனால் அவை விழுந்தாலும் பெரிய பாரமில்லை. அதே பாடத்தை மாவுக்கும் பலாவுக்கும் வேம்புக்கும் படிப்பித்தால், பத்து வருடங்களில் கூரைக்கு மேலே ஒரு பாரம் தொங்கும்.

அப்படியானால் எங்கே வெட்டுவது? ஒரு கொப்பு மரத்தோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். சட்டையின் கழுத்துப் பட்டி போல அங்கே பட்டை சற்றுத் தடித்துச் சுருங்கியிருக்கும். வெட்டு வாயை மூடும் சக்தி மரத்துக்கு அந்த இடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் வனத்துறை ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் சைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து உள்ளே பார்த்து இதை விளக்கினார். மரத்தின் காயம் நம் காயத்தைப் போல ஆறுவதில்லை, மரம் அந்த இடத்தைச் சுற்றி உள்ளே சுவரெழுப்பி உக்கலை அடைத்து வைக்கிறது என்பதை, 1977இல் வெளியான தமது நூலில் எடுத்துக் காட்டினார். ஆகவே அந்தக் கழுத்துப் பட்டியை விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். மரத்தோடு வழித்து வெட்டினால் சுவரெழுப்பும் இடமே போய்விடும். ஒரு முழம் நீட்டி விட்டால் அந்தக் குற்றி உக்கும்.

பெரிய கொப்பை ஒரே வெட்டில் இறக்கவும் கூடாது. பாரம் தாங்காமல் அது கீழே சரியும்போது அடிமரத்தின் பட்டையையும் நீளமாக உரித்துக்கொண்டு போகும். மரத்திலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி, முதலில் கீழ்ப்பக்கத்திலிருந்து கொஞ்சம் அறுக்க வேண்டும். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கொப்பு பட்டையை உரிக்காமல் விழும். மூன்றாவதாக, மிஞ்சிய குற்றியைக் கழுத்துப் பட்டியருகே அறுத்துவிடலாம். இதற்குக் கத்தி சரிப்படாது. கூரான வாள் வேண்டும்.

வெட்டிய இடத்தில் தார் பூசும் வழக்கமும் நம்மிடம் உண்டு. தார் உக்கலைத் தடுப்பதில்லை. சரியான இடத்தில் வெட்டினால் பூச்சு தேவையில்லை, பிழையான இடத்தில் வெட்டினால் பூச்சு காப்பாற்றாது.

ஒரு தடவையில் மரத்தின் பசுமையில் காற்பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். பட்ட கொப்பு, ஒன்றோடொன்று உரசும் கொப்பு, கூரைக்கு மேல் நீளும் கொப்பு ஆகியவையே முதலில் போக வேண்டியவை. நடுவில் காற்றுப் புக இடம் விட்டால் மரமும் காற்றுக்கு நின்றுபிடிக்கும். மாமரத்தைக் காய் பறித்து முடிந்தவுடன் வெட்டுவதே நல்லது. காலம் தாழ்த்தி வெட்டினால் அடுத்த பூவையும் சேர்த்து வெட்டிவிடுவோம். பலா, அடிமரத்திலும் பருத்த கொப்பிலும் காய்ப்பது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாங்கிக் கட்டிய ஆட்டுக்குக் குழை வேண்டுமென்று பருத்த கொப்பை முறித்து இறக்காமல், நுனிக் குழையை மட்டும் எடுங்கள். தென்னையின் கதை வேறு. அதற்கு ஒரே ஒரு குருத்துத்தான். அதை வெட்டினால் மரம் போயிற்று. ஏறுவதற்கு வசதியாக அடிமரத்தில் படி கொத்தினால் அந்தக் காயத்தைத் தேடிச் செவ்வண்டு வரும்.

ஏறுபவரின் உயிரையும் நினையுங்கள். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். மழை நனைத்த மரத்தில் யாரையும் ஏற்ற வேண்டாம். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஈரக் கொப்பும் அதைக் கடத்தும், அலுமினிய ஏணி நன்றாகவே கடத்தும். மின்கம்பிக்குக் கிட்டே உள்ள கொப்பென்றால் முதலில் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். “கூலி கொஞ்சம், சீக்கிரம் முடிச்சுத் தாறன்” என்பவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். வெட்டும் நேரத்தில் பிள்ளைகளை வளவில் விடாதீர்கள். அடுத்த வீட்டு ராத்தாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவருடைய மதிலும் கோழிக்கூடும் உடைந்த பிறகு கேட்கும் மன்னிப்பைவிட அது மேல்.

கொப்பு வெட்டுவது போதாது, மரத்தையே தறிக்க வேண்டும் என்ற நிலை வந்தால், பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைக் காக்க 1951இலேயே சட்டம் போடப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். முதலில் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

“எங்கட மரத்தை ஏற்கனவே மொட்டையடிச்சாச்சே, என்ன செய்வது?” என்று கேட்கிறீர்களா? திரும்பவும் மொட்டையடிக்க வேண்டாம். ஒவ்வொரு வெட்டு வாயிலும் பலமான, நல்ல திசையில் வளரும் ஒன்றிரண்டு தளிரை விட்டுவிட்டு, மற்றவற்றை இரண்டு மூன்று வருடங்களில் சிறிது சிறிதாகக் கழித்து வாருங்கள். உள்ளே உக்கியிருந்தால் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள்.

மச்சியின் மரத்துக்கு அந்த வாய்ப்பும் இருக்கவில்லை. அடிவரை கோறையாகியிருந்ததால் தறிக்கத்தான் வேண்டி வந்தது. தறித்த அன்று மச்சி ஒன்றும் பேசவில்லை. “மாமிட கை நட்டது” என்று மட்டும் சொன்னார். இப்போது கூரையிலிருந்து நன்கு தள்ளி, கிணற்றடிப் பக்கம் ஒரு கன்று வைத்திருக்கிறார்.

அடுத்த முறை படலையடியில் அந்தக் குரல் கேட்டால், குசினிக்குள் போகாமல் மரத்தடிக்கு வாருங்கள். “காக்கா, மேலே மொட்டையடிக்க வேணாம். கூரைக்கு மேலே வாற இந்தக் கொப்பையும் அந்தப் பட்ட கொப்பையும் மட்டும், கழுத்தோட வாளால அறுத்து இறக்குங்க” என்று விரல் நீட்டிச் சொல்லுங்கள். நான் என் மச்சிக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான்.